சயனைடுக்குப் பிறகும் சாயும் கோடு

…ஏன் இது படுக்க மாட்டேன் என்கிறது, சயனைடு விட்டாயிற்று, படுத்துத்தானே ஆக வேண்டும், இத்தனை நாளும் படுத்துத்தானே வந்தது, இன்றைக்கு மட்டும் என்ன வந்தது இதற்கு… இல்வா திரைக்குப் பக்கமாக முகத்தைக் கொண்டுபோனாள், கொண்டுபோனால் கோடு மனசு மாறிவிடுமா என்ன, அது பாட்டுக்குக் கீழே கீழே என்று சாய்ந்துகொண்டே போனது. கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, அடியில் கிறுகிறுவென்று சுற்றும் காந்தத் துண்டு, உள்ளே காலையில் குளிரறையில் விரல் விறைக்க விறைக்க அவளே அரைத்து, வடித்து, சுழற்றிப் பிரித்த உருளைக்கிழங்கு இலையின் மைட்டோகாண்ட்ரியா, பார்த்தால் தண்ணீர் கலந்த மோர் மாதிரி இருக்கும், அதுதான் உள்ளே மூச்சு விடுகிறது. மூச்சு விட்டால் குப்பியில் ஆக்சிஜன் குறையும், கோடு சாயும். மூச்சு நின்றால் கோடு மட்டமாகப் படுத்துவிடும். சயனைடு போட்டால் மனிதன் மூச்சு நிற்கும், எலி மூச்சு நிற்கும், செடிக்கும் முதல் வழி அடைபடும், ஆனால் செடியிடம் இரண்டாவதாக ஒரு வழி இருக்கிறது, விஷம் தீண்டாத வழி. குளிரில் வளர்ந்த செடி அந்த இரண்டாவது வழியைப் பூட்டிவைத்துக்கொள்கிறது, ஒரு பொட்டு சக்தியைக்கூட வீணாக விடுவதில்லை, இதுதான் அவளுடைய நாலாவது அத்தியாயம். பூட்டிய வழியில் மூச்சு எப்படிப் போகிறது… அந்த அத்தியாயம் அச்சாகி, ‘குளிரும் ஒளியும்: இலைச் செல்லின் ஆக்சிஜனேற்ற ஒடுக்கச் சமநிலையில் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு’ என்று தடித்த அட்டைக்குள் அவள் பெயரோடு கட்டப்பட்டு, பெட்டி பெட்டியாக அவள் மேசைக்கு அடியில் கிடக்கிறது. பிற்பகல் காபிக்கு எல்லாரும் கூடும்போது அதில் ஒரு பிரதியைக் கூடத்து மரப்பலகையில் அவளே ஆணியடித்து மாட்ட வேண்டும். ஆணி இறங்கிவிட்டால் ஊருக்குச் சொன்ன மாதிரி, யாரும் வந்து புரட்டலாம், யாரும் குறை சொல்லலாம், மூன்று வாரம் கழித்து முனைவர் பட்டத் தேர்வு. தேர்வில் திரையில் காட்ட அழகாக, நடுக்கமில்லாமல் ஒரு கோடு வேண்டும் என்றுதான் இன்று காலை கடைசியாக ஒருமுறை இலையை அரைக்கப் போனாள். ஆசை. அழகான கோடு வேண்டுமாம்.

சயனைடு செத்துப் போயிருக்குமோ, பழசாக இருக்குமோ… இல்லை, அதை விட்டதும் ஒரு தட்டுத் தட்டினாற்போல முதல் வேகம் குறைந்தது, கண்ணால் பார்த்தாள். அப்புறம் பைருவேட்டை விட்டாள், எப்போதும் விடுவதுதான், அது ஒரு சின்ன அமிலம், இரண்டாம் வழியின் கதவைத் தோளால் முட்டித் திறக்கிற ஆள். கதவு பூட்டியிருந்தால் முட்டினாலும் திறக்காது, கோடு படுத்தே கிடக்கும், போன குளிர்காலம் முழுக்க அப்படித்தான் கிடந்தது. இன்றைக்கு முட்டியதும் திறந்துவிட்டது. சந்தேகத்துக்கு இன்னொன்று இருக்கிறது, அந்த இரண்டாம் வழியை மட்டும் அடைக்கிற மருந்து, அதை ஊசியில் எடுத்துக் குப்பியின் மூடித் துளைக்குள் விட்டாள். கோடு படுத்தது. சரேலென்று, மட்டமாக, பனி மூடிய ஆறு மாதிரி. ஆக, சாய்ந்தது இரண்டாம் வழியேதான், ஓட்டை இல்லை, காற்றுக் குமிழி இல்லை, கருவிக் கோளாறு இல்லை. குளிரில் வளர்ந்த செடி சயனைடைக் குடித்துவிட்டு, அவளுடைய நாலாவது அத்தியாயத்தை மிதித்துக்கொண்டு, மூச்சு விட்டிருக்கிறது. எல்லாம் போயிற்று என்றும் இருந்தது, அதே நேரம், இதை யாரிடம் சொல்வது, அடடா என்றும் இருந்தது… என்ன வேகம், என்ன வேகத்தில் இறங்கியது அந்தக் கோடு.

பைவி உள்ளே வந்தாள், கம்பளித் தொப்பியோடு, பக்கத்து மேசைக்காரி, பின்லாந்துக்காரி, முனைவர் பட்டத்தை எப்போதோ முடித்துவிட்டு இங்கே வேலை பார்ப்பவள். “என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஆணியடிக்கிற நாள்ல மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டா பலகையே பயந்து விழுந்துடும்.” பைவி, இந்தப் பைருவேட் ஏது என்று கேட்டாள் இல்வா, தன் குரல் யாரோ பேசுவது போலக் கேட்டது. “ஏதா? நான் கலக்கி வச்சது. காலைல ஃப்ரீசர்ல ஐஸ் வழிச்சேன்ல, உன் மஞ்ச மூடி டப்பா ஒண்ணு கெடந்துது, தாத்தா காலத்துத் தேதி போட்டு. கடாசிட்டேன். புதுசு கலக்கி உன் பேரையும் எழுதி வச்சேன், ஒரு நன்றி கெடையாது.” அதை ஏன் தூக்கிப் போட்டாய் என்று கேட்டாள். “ஸ்வீடன்காரிங்களுக்கு ஒண்ணையும் எறிய மனசு வராது, நாங்க கெட்டுப்போனத சவுனாக் குளியல் அடுப்புல போட்டுட்டு மேல உக்காந்து வேர்ப்போம்” என்று பைவி பேசிக்கொண்டே போனாள், அப்புறம்தான் திரையைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தினாள். “இது எந்த இலை?” குளிர் இலை, என்றாள் இல்வா. பைவி தொப்பியைக் கழற்றினாள்.

மஞ்சள் மூடி டப்பா. போன இலையுதிர்காலத்துக்கு முந்தியது, அவளே கலக்கி, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்தது. வெப்ப அறையில் வளர்ந்த செடிகளை அப்போதே அளந்துவிட்டாள், அப்போது மருந்து புதுசு, கதவு திறந்தது, கோடு சாய்ந்தது. குளிர் அறைச் செடிகள் வளர மாசக்கணக்காகும், மெதுவாக, கட்டை குட்டையாக, கருத்த இலையோடு. அவற்றை அளக்க வந்தபோது குளிர்காலத்தின் பாதி போயிருந்தது. புதுசு கலக்கியிருக்கலாம். ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகாது. பைருவேட் கரைசலாக நின்றால் தனக்குள்ளேயே கைகோத்துக்கொண்டு வேறு ஏதோவாகிப் போகும் என்பது அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள், கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். ஆனால் டப்பாவில் பாதிக்கு மேல் இருந்ததே… இருப்பதைக் கொட்டிவிட்டுப் புதுசு எடுக்கிற வீட்டில் அவள் வளரவில்லை. மரம் அறுக்கும் ஆலையில் அப்பாவோடு கோடை முழுக்கப் பலகை அடுக்கியவள், வளைந்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போடுகிற ஆளின் மகள். வேறு யாராவதாக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது, சோம்பேறியாக இருந்தால்கூட நடந்திருக்காது, சோம்பேறி பைவியிடம் கொஞ்சம் கடன் கேட்டிருப்பாள்.

“வா, கொட்டுன வாளியப் பாப்போம்” என்றாள் பைவி. கழிவு வாளியில், கையுறைகளுக்கும் உருகும் பனிச் சில்லுகளுக்கும் நடுவே, மஞ்சள் மூடிகள் கிடந்தன, ஒன்று இன்னும் உள்ளே உறைந்தபடியே. உள்ளங்கையில் பொத்தி உருக்கினாள் இல்வா. குப்பியைக் கழுவி, புது மோர், புதுச் சயனைடு, பிறகு பழைய பைருவேட். கோடு படுத்தது. போன குளிர்காலத்துக் கோடு, அச்சு அசலாக, அவளுடைய தொண்ணூற்றிரண்டாம் பக்கம். இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோடும் மூச்சு விடவில்லை. பிறகு அதே குப்பிக்குள், அதே மோருக்குள், புதுசில் ஒரு சொட்டு. கோடு எழுந்து… எழுந்து என்ன, சரிந்து, மலையிலிருந்து பனிச்சறுக்கில் பாய்கிற பிள்ளை மாதிரி ஓடியது. பைவி மெதுவாகச் சீட்டியடித்தாள். “பேய்டி இது” என்றாள், வெறும் மரியாதையோடு.

பேய்தான். ஜன்னலுக்கு வெளியே மார்ச் வெயில், பனி மேல் பட்டு இரட்டிப்பாகிக் கண்ணைக் குத்துகிற வெயில், ஆனால் பாதரசம் உறைநிலைக்கு வெகு கீழே. இந்த வசந்தப் பனிக்காலம்தான் செடிக்கு எமன். வெளிச்சம் வந்து கொட்டுகிறது, இலைக்குள் வெயிலைப் பிடிக்கிற பசுங்கணிகம் வாங்கிக்கொண்டே இருக்கும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது அதற்கு, எலக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டே போகும், குளிரில் சர்க்கரை செய்கிற வேலையோ மந்தம், ஆலையில் ரம்பம் நின்றுபோயிருக்க வாசலில் லாரி லாரியாக மரம் இறங்குகிற மாதிரி. இடமில்லாத எலக்ட்ரான் சும்மா இருக்காது, கண்ட ஆக்சிஜன் மேல் ஏறிக்கொள்ளும், ஏறினால் அந்த ஆக்சிஜன் கத்தியாகிவிடும், சவ்வைக் கிழிக்கும், புரதத்தை வெட்டும், இலை வெளுத்துச் சாகும். அதற்கு முன்னால் பசுங்கணிகம் சுமையை மாலேட் என்கிற அமிலமாக மூட்டை கட்டிப் பக்கத்திலிருக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தள்ளிவிடுகிறது, இந்தா, நீ பார்த்துக்கொள். முதல் வழி கணக்கான வழி, ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் வேலை வாங்கும், வேலைக்குத் தேவை இல்லையென்றால் வரிசை நின்றுவிடும். அப்போது இரண்டாம் வழி. அதில் வேலை கிடையாது, லாபம் கிடையாது, வந்த எலக்ட்ரானை ஆக்சிஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கி, வெறும் சூடாக வெளியே விட்டுவிடும். அந்தக் கதவு இரட்டைக் கதவு, இரண்டு பாதியையும் கந்தகக் கட்டு ஒன்று பிணைத்திருக்கும், செல்லுக்குள் எலக்ட்ரான் நெரிசல் கூடினால் அந்த நெரிசலே கட்டை அவிழ்க்கும். காவல்காரன் வேண்டாம், உத்தரவு வேண்டாம், உள்ளே கூட்டம் தாங்கவில்லை என்பதே சாவி. யார் யோசித்தது இதை. யாரும் யோசிக்கவில்லை, அதுதானே… கோடிக்கணக்கான வருஷம் செத்துச் செத்துக் கண்டுபிடித்தது. இதைப் போய்ப் பூட்டிவைத்துக்கொள்கிறது என்று எழுதினாளே. அதுவும் குளிரில், அதுவும் வெயிலில், அதற்கு வேலையே அங்கேதான். புரதச் சோதனையில் குளிர் இலையில் அந்தக் கதவுப் புரதம் கறுப்புப் பட்டையாகக் குவிந்து தெரிந்தது, இத்தனை கதவைச் செய்துவைத்துவிட்டு ஏன் பூட்ட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையா. பைவிக்குத் தோன்றியது, சொன்னாள், இவள் அவளுக்கு மூன்று பக்கத்தில் பதில் எழுதினாள்.

ஹென்னிங்கின் அறைக்கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். அவள் வழிகாட்டி, நெடுநெடுவென்று வளர்ந்தவர், மொறுமொறுவென்ற காய்ந்த ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார், மேசையெல்லாம் துகள். ஹென்னிங், நாலாவது தப்பு, என்றாள். அவர் மென்று முடித்தார். “ஒரு கோடு கோடில்ல, இல்வா.” ஒன்றில்லை, பழையதைப் போட்டேன், படுத்தது, அதே குப்பியில் புதுசை விட்டேன், ஓடியது. அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார், கூரை விளிம்பில் வெயில் பட்ட பனிக்குச்சிகள் சொட்டிக்கொண்டிருந்தன. “பைருவேட்டா?” பைருவேட்டு. “நாசமாப் போச்சு” என்று சொல்லி, அதற்குப் பிறகு கொஞ்சம் சிரித்தார், கோபமில்லாத சிரிப்பு, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “சரி, கேளு. இன்னைக்கு ஆணிய அடிச்சுடு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம், கேக்கு தின்னுட்டுப் போகட்டும். தேர்வுக்கு மொத நாள் திருத்தம்னு ஒரு தாள செருகிக்கலாம், செருகாதவன் எவன்.” தேர்வைத் தள்ளிவைத்தால் என்று கேட்டாள். “தள்ளிவச்சா, தேர்வுல எதிர்க்கேள்வி கேக்க வெளியூர்லேர்ந்து வர்றவரு மறுபடி வர இலையுதிர்காலம் ஆயிடும். உன் சம்பளம் கோடையோட நிக்குது. நான் சொல்லித்தான் தெரியணுமா.” பட்டம் போய்விடுமா. “மீதி மூணு அத்தியாயம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்கே நீயே கூட்டத்துல ஒடைச்சேன்னா, அவரு காதுக்குப் போகும், மூணு வாரம் உக்காந்து மீதியையும் நோண்டுவாரு. நோண்டினா என்ன வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது.” அவள் வாசலில் திரும்பியபோது கேட்டார், ஏதோ நேரம் கேட்கிற மாதிரி, “நானும்தான் நம்புனேன், எனக்கு வயசாயிடுச்சு. நீ ஏன் நம்புன?”

ஏன் நம்பினாள். நடைபாதையில் யாரோ கேக் பெட்டியோடு போனார்கள், முட்டிக்கொள்ளாமல் ஒதுங்கினாள். படுத்த கோட்டை முதல்முதலாகப் பார்த்த அன்று என்ன தோன்றியது, ஞாபகம் இருக்கிறதா, இருக்கிறது, மகிழ்ச்சி. சந்தேகம் வரவில்லை, மகிழ்ச்சி வந்தது. பார், இந்தச் செடி எங்கள் ஆள், கஷ்டகாலத்தில் ஒரு துளியும் வீணாக்காது, இருப்பதைப் பூட்டிவைத்துக்கொள்ளும், வேலை செய்யாமல் ஒன்றையும் எரிக்காது. அப்பா ஏவெர்ட் விளக்கை அணைத்துக்கொண்டே வீட்டுக்குள் நடப்பார், உட்கார்ந்தால் கையில் ஏதாவது இருக்கும், கத்தியோ கயிறோ, வெறுங்கையோடு உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அறுபத்தொரு வயதில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தார், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆலைக்காரர்கள், நல்ல மனுஷன், ஒருநாள் ஓய்ந்ததில்லை என்றார்கள், அவளுக்கும் பெருமையாக இருந்தது. ஓயாதது நல்லது. வீணாக எரிவது கெட்டது. இதைத்தான் செடியின் வாயில் திணித்தாளா… அது மூச்சு விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, வெட்கமில்லாமல், தாராளமாக, இவள்தான் செத்த மருந்தை ஊற்றிவிட்டு, பார் எவ்வளவு சிக்கனம் என்று புளகாங்கிதப்பட்டிருக்கிறாள். பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதினாள். ஆனால் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தால் அதற்கு என்ன பெயர்.

கூடத்தில் காபி வாசனை. துறைக்காரர்கள் கோப்பையோடு கும்பல் கும்பலாக நின்றார்கள். அம்மா வந்திருந்தாள், கடற்கரை ஊரிலிருந்து பேருந்தில், நல்ல மேலங்கியும் காதில் வெள்ளித்தோடுமாக, சூடாக்கியின் பக்கத்தில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. அம்மா பெரித், ஆலை உணவகத்தில் முப்பது வருஷம் பாத்திரம் கழுவியவள், இத்தனை படித்தவர்களை ஒரே இடத்தில் பார்த்தால் பையைப் பிடித்துக்கொள்வாள். “தலையெல்லாம் பச்சிலை நாத்தம்டி உனக்கு” என்றாள், அதுதான் அவள் வாழ்த்து. சாப்பிட்டியாம்மா. “கேக்கு வெட்ட மாட்டேங்குறாங்களே, நீ அடிச்சப்புறம்தானாம்.” ஹென்னிங் சுத்தியலை நீட்டினார், எப்போதும் போல ஒரு சின்ன உரை வைத்திருந்தார், உருளைக்கிழங்கைப் பற்றி இரண்டு நகைச்சுவை, எல்லாரும் சிரித்தார்கள், அவர் கண் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, சும்மா அடி, சும்மா அடிச்சுட்டு வந்துடு என்று.

புத்தகத்தின் மேல் மூலையில் ஆணிக்கென்று துளை போட்டுத் தந்திருந்தார்கள். அட்டை வெளியே தெரிய மாட்ட வேண்டும், பலகையில் முன்னால் போனவர்களின் புத்தகங்கள் அப்படித்தான் வரிசையாக, முகம் கழுவிய பிள்ளைகள் மாதிரித் தொங்கின. அடித்துவிடலாம். மூன்று வாரம். ஒரு தாள். எல்லாரும் செருகுவதுதான்… அவள் புத்தகத்தை விரித்தாள். நாலாவது அத்தியாயத்தின் முதல் பக்கம் வரும் வரை புரட்டினாள், சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, குழாய்களில் தேதி எழுதுகிற தடித்த பேனா, தலைப்பின் குறுக்கே எழுதினாள்: தப்பு. பைருவேட் கெட்டிருந்தது. வழி திறந்தே இருக்கிறது. விரித்த புத்தகத்தை அப்படியே பலகையில் வைத்து அழுத்தி, துளையை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தின் நெற்றியிலேயே ஆணியை நிறுத்தினாள். பலகை அடுக்கிய கை, சுத்தியல் அவளுக்குப் புதுசில்லை, தாள்கள் தடிமனாக இருந்தும் கோணாமல் இறங்கியது. பின்னால் ஒருத்தர் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தார், பிறகு படித்தார், சிரிப்பு நின்றது. “அடிப்பாவி” என்றாள் பைவி தணிந்த குரலில். ஹென்னிங் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது, சொன்னாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் ஆரம்பித்தாள், மஞ்சள் மூடி, பழைய கரைசல், என் தப்பு என்று. எங்கே மாறியது தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் செடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், காலையில் அது எப்படிச் சரிந்து ஓடியது என்று சுத்தியல் பிடித்த கையாலேயே காற்றில் கோடு போட்டுக் காட்டினாள், முன்வரிசை சற்றுப் பின்வாங்கியது. வாங்கின வெளிச்சத்தை எல்லாம் வேலையாக்கிவிடலாம் என்று அது நினைப்பதில்லை, முடியாததை முடியாது என்று வெளியே விட்டுவிடுகிறது, விடத் தெரிந்ததால்தான் குளிரிலும் பச்சையாக நிற்கிறது என்றாள், சுத்தியலைக் கீழே வைத்தாள். யாரும் கைதட்டவில்லை. எதிர்க்கேள்விக்காரருக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றார் ஹென்னிங், எழுதி என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. யாரோ கேக்கை வெட்ட ஆரம்பித்தார்கள், கத்தி தட்டில் உரசியது.

அம்மா பக்கத்தில் வந்தாள். “அப்போ அது சும்மாதான் எரிக்குதா? ஒண்ணுத்துக்கும் ஆகாம?” ஆமாம்மா, சும்மாதான், எரிக்கலன்னா இலை வெந்துடும். “ம். அது தெரியும்” என்றாள் அம்மா, தெரு முனைக்கடை எப்போது மூடுவார்கள் என்பது தெரியும் என்கிற மாதிரி, சொல்லிவிட்டுக் கேக்குத் தட்டை வாங்கப் போய்விட்டாள். உனக்கு எப்படித் தெரியும்… அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, எத்தனையோ வருஷமாக வராத ஞாபகம், இதே மார்ச்சில் உணவகத்து வேலை முடிந்து வந்ததும் அம்மா வீட்டுச் சுவரோரம் பனியில் ஒரு பள்ளம் தோண்டி, மான்தோலை விரித்து, வெயிலுக்கு முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள், அடுப்பு பற்றவைக்காமல், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல். அப்பா விறகைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கமாகவே போவார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், சொல்லாததே சொன்ன மாதிரி இருக்கும், சின்னப்பெண் இல்வா விறகின் பக்கம் நிற்பாள். சோம்பல் என்றுதான் அந்த வீட்டில் அதற்குப் பெயர். உள்ளே எவ்வளவு சேர்ந்திருந்தால் ஒரு பெண்பிள்ளை தினமும் பனியில் போய் உட்காருவாள், என்ன அது, யார் மேல், எதன் மேல், அறுபதைத் தாண்டியும் வெடிக்காமல் இதோ நிற்கிறாளே… இல்வா அம்மாவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள், கேள்வி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை, அம்மா அங்கே பைவியிடம், ஓரத் துண்டாக் குடும்மா, அதுலதான் க்ரீம் ஜாஸ்தி, என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.